பங்கில்லாத பங்காளி: செயலித் தொழிலாளரைப் பெயரிடுதலின் அரசியல்

1

ஸ்விக்கி, சொமாட்டோ, ஊபர், ஓலா போன்ற கம்பெனிகளுக்காக வண்டி ஓட்டுகிறவர்களும் வீடுவீடாகச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களும் அக்கம்பெனிகளின் தொழிலாளர்களா, அல்லது தம் சொந்தப் பொறுப்பில் தொழில் செய்யும் ஒப்பந்தக்காரர்களா என்னும் கேள்வி இன்று லண்டன், மாட்ரிட், கலிபோர்னியா, தில்லி என எல்லா இடங்களிலும் எழுப்பப்படுகிறது. இந்தியாவில் 2020-21இல் இப்படிப்பட்ட வேலைகளில் 77 லட்சம் பேர் இருந்ததாகவும், 2029-30க்குள் இது 2.35 கோடியாகும் என்றும் நிதி ஆயோக் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இத்தனை பேரை என்ன பெயரிட்டு அழைப்பது என்பதில்தான் வழக்கே.

வெறும் பெயர்தானே என்று தோன்றலாம். தொழிலாளி என்று ஒத்துக்கொண்டால் குறைந்தபட்சக் கூலி, வேலை நேர வரம்பு, சேமநிதி, விபத்து இழப்பீடு, காரணம் சொல்லாமல் நீக்க முடியாது என்னும் காப்பு, சங்கம் வைத்துப் பேரம் பேசும் உரிமை என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். ஒப்பந்தக்காரர் என்றால் இவை எதுவும் வராது. அவருக்கு இருப்பதெல்லாம் ஒப்பந்தம் ஒன்றுதான். அந்த ஒப்பந்தத்தை எழுதியது அவரல்ல. திருத்தவும் அவரால் முடியாது. கைப்பேசித் திரையின் கீழ்ப்பகுதியில் ‘ஏற்கிறேன்’ என்று தொட்டால் வேலை, தொடாவிட்டால் இல்லை. ஆக, ஒரு பெயர்ச்சொல்லை யார் யாருக்குச் சூட்டுகிறார்கள் என்பதில் சோறும் மருந்தும் அடங்கியிருக்கிறது.

இதில் இடதுசாரிச் சங்கத்தார் ஒரு பக்கமும் ‘இது புதுவகை உழைப்பு, பழைய சட்டகங்கள் உதவாது’ என்பவர்கள் இன்னொரு பக்கமும் நிற்கிறார்கள். இரண்டாம் தரப்பில் கம்பெனிகளின் வக்கீல்கள் மட்டும் இல்லை. ‘தொழிலாளி’ என்பதே ஆலைச் சங்கும் வருகைப் பதிவேடும் உண்டாக்கிய ஒழுங்குபடுத்தப்பட்ட தன்னிலை, அதை ஏன் திரும்ப வேண்டிக் கேட்க வேண்டும் என்று வாதிடும் நம்முடைய நண்பர்கள் சிலரும் உண்டு. அவர்கள் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்தக் கேள்வி போய்ச் சேரும் இடம் எதுவென்று பார்க்க வேண்டியிருக்கிறது.

2

முதலில் சொற்களைப் பார்ப்போம். இக்கம்பெனிகள் தம்மிடம் வேலை செய்கிறவர்களைத் தொழிலாளி, ஊழியர், ஆள் என்று எந்த இடத்திலும் சொல்வதில்லை. ‘டெலிவரி பார்ட்னர்’, ‘டிரைவர் பார்ட்னர்’ என்றே சொல்கின்றன. பார்ட்னர் என்பதற்குத் தமிழில் கூட்டாளி என்று சொல்லலாம். அதைவிடப் பழைய சொல் ஒன்று இருக்கிறது: பங்காளி.

தமிழ்க் கிராமத்தில் பங்காளி என்பவன் யார்? ஒரே பாட்டன் சொத்தில் பாத்தியதை உள்ளவன். அவன் வீட்டில் சாவு விழுந்தால் இவனுக்கும் தீட்டு. கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவன். வரப்பை அரையடி தள்ளி வைத்தான் என்று இவன்மேல் பிராது கொடுக்கிறவனும் அவனேதான். அதாவது பங்காளிக்கு இரண்டு லட்சணம்: பங்கு கேட்கும் உரிமை, சண்டை போடும் உரிமை. இந்த இரண்டும் இல்லாதவனை எந்த ஊரிலும் பங்காளி என்று சொல்லமாட்டார்கள்.

இந்தப் பார்ட்னருக்கு எதில் பங்கு? லாபத்தில் இல்லை. விலை வைப்பதில் இல்லை. எந்த வாடிக்கையாளரிடம் எவ்வளவு வாங்கினார்கள், அதில் தனக்கு எவ்வளவு, எந்தக் கணக்கில் என்று பார்க்கும் உரிமையில் இல்லை. ஆனால் பெட்ரோல் அவருடையது. வண்டித் தவணை அவருடையது. டயர், போன், ரீசார்ஜ் அவருடையது. ஓட்டல் வாசலில் ஆர்டருக்காகக் காத்துக் கிடக்கிற நேரம் அவருடையது. மழையில் சறுக்கி விழுந்தால் உடைகிற எலும்பும் அவருடையதுதான். செலவிலும் நட்டத்திலும் மட்டும் பங்கு தருகிற விசித்திரமான பங்காளித்தனம் இது. சண்டை போடலாமா என்றால் அதுவும் முடியாது. ஒருநாள் காலையில் ஐடி திறக்காது, அவ்வளவுதான். யாரிடம் போய்க் கேட்பது? திரையில் ஒரு கட்டம் இருக்கும். அதில் கேள்வியை எழுதினால் ஏற்கனவே எழுதிவைத்த பதில் ஒன்று வரும்.

‘கிக்’ என்ற சொல்லும் கவனத்துக்குரியது. அமெரிக்க ஜாஸ் இசைக்காரர்கள் ஓரிரவு வாசிப்புக்கு வைத்த பெயர் அது. நாம் கச்சேரி என்போம். நம் ஊர் மேளக்காரரோ பாட்டுக்காரரோ கச்சேரிக்கு ஒத்துக்கொள்வது எப்படி? தொகை பேசுவார், அச்சாரம் வாங்குவார், கட்டுப்படியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார். தன் விலையைத் தான் சொல்ல முடிகிற மட்டும்தான் அவர் தனித்த கலைஞர். பிரியாணிப் பொட்டலத்தை நான்கு கிலோமீட்டர் கொண்டுபோகிறவர் தன் விலையைச் சொல்ல வழியே இல்லை. கச்சேரி என்ற பெயர் மட்டும் வந்திருக்கிறது. பேரம் வரவில்லை.

இங்கே கம்பெனிகளின் வாதம் தன்னைத்தானே கட்டவிழ்த்துக்கொள்கிறது. ஓட்டுநர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி வியாபாரி என்றால், லட்சக்கணக்கான வியாபாரிகளுக்கு ஒரே ஆள் விலை நிர்ணயிப்பதைச் சந்தைச் சட்டம் விலைக் கூட்டுச்சதி என்றல்லவா பார்க்க வேண்டும்? இதே கேள்வி ஊபர், ஓலா மீது இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் வந்தது. 2018இல் ஆணையம் புகாரைத் தள்ளியது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஓட்டுநர்கள் தமக்குள் கலந்துபேசி விலை வைக்கவில்லை என்பது முக்கியமான காரணம். உண்மைதான். அவர்கள் எங்கே கலந்துபேசினார்கள்? விலை மேலேயிருந்து வருகிறது. அப்படியானால் அவர்கள் வியாபாரிகளும் இல்லை. விலை வைக்கும்போது ஒரே கம்பெனி, பொறுப்பு என்று வரும்போது தனித்தனி வியாபாரி. இந்த இரட்டை வேடத்தை ஒப்பந்தம் என்னும் பிரதி சாமர்த்தியமாக மறைத்துவைக்கிறது.

3

இனி மறுதரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். ‘வேண்டும்போது செயலியைத் திறக்கலாம், வேண்டாமென்றால் மூடலாம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இவர்களைத் தொழிலாளி ஆக்கினால் அந்தச் சுதந்திரம் போய்விடும்.’

கம்பெனி மட்டும் இதைச் சொல்வதில்லை. வண்டி ஓட்டுகிறவர்களில் பலரும் சொல்கிறார்கள். உடனே ‘பொய்ப் பிரக்ஞை’ என்று முத்திரை குத்தி விலகிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அது வேலைக்காகாது. தமிழ்ச் சூழலில் சிறுமுதலாளியிடம் வேலை பார்ப்பதென்றால் என்ன? கடைக்காரர் ‘எந்த ஊரு, எந்தத் தெரு’ என்று கேட்பார். அது வெறும் விசாரிப்பு இல்லை என்பது கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். வேலை கிடைத்த பிறகு மேஸ்திரி, சூப்பர்வைசர், முதலாளியின் பத்தாங்கிளாஸ் படிக்கிற மகன் வரைக்கும் ‘டேய்’தான். செயலி ஆதார் கேட்கிறது, லைசென்ஸ் கேட்கிறது. தெரு கேட்பதில்லை. முகமில்லாத முதலாளியிடம் வேலை பார்ப்பதில் ஒரு ஆசுவாசம் இருக்கத்தான் செய்கிறது. தலித் இளைஞர் ஒருவருக்கு அந்த ஆசுவாசத்தின் எடை என்னவென்று சங்கக் கட்டிடத்தில் உட்கார்ந்து நாம் முடிவு செய்ய முடியாது.

ஆனால் முகம் இல்லாததால் அதிகாரமும் இல்லை என்றாகிவிடுமா? அதிகாரம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ‘அந்த லிப்டுல போ’ என்கிற குரலில் ஒரு துண்டு இருக்கிறது. வாடிக்கையாளர் போடும் நட்சத்திரத்தில் இன்னொரு துண்டு. ஆர்டரை மறுத்தால் அடுத்தடுத்துக் குறைகிற வாய்ப்பில் மற்றொன்று. குறிப்பிட்ட மணிக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கை முடித்தால் மட்டுமே கிடைக்கும் ஊக்கத்தொகையில் மிச்சமெல்லாம். இரவு பத்து மணிக்கு இன்னும் இரண்டு ஆர்டர் எடுத்தால்தான் அன்றைய இன்சென்டிவ் என்று இருக்கிறவர் செயலியை ‘வேண்டாமென்றால் மூடலாம்’ என்பது யாருடைய இலக்கணம்? மேஸ்திரி ஒரு ஆள். அவர் தலை மறைந்தால் பீடி பற்ற வைக்கலாம். இந்த மேஸ்திரி சட்டைப்பைக்குள்ளேயே இருக்கிறார்.

ஆகவே சுதந்திரம் என்பது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. சரி, அது உண்மையான சுதந்திரம் என்றே வச்சுக்குவோம். அப்போதும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. நேரத்தைத் தானே தீர்மானிக்கிறவர் தொழிலாளியாக இருக்க முடியாது என்று எந்தச் சட்டம் சொன்னது?

4

இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இன்று புத்தம்புதிய கேள்வியைப்போல எழுப்பப்படுகிற இது, எழுபது ஆண்டுகளுக்கு முன்பே உப்பளத்திலிருந்தும் பீடித் தட்டிலிருந்தும் எழுப்பப்பட்டு, பதிலும் சொல்லப்பட்டுவிட்டது. நம்முடைய மறதி கம்பெனிகளுக்கு எவ்வளவு பெரிய மூலதனம் என்பதை இங்கேதான் பார்க்கிறோம்.

சௌராஷ்டிரத்தில் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் என்னும் கம்பெனிக்காக உப்பு எடுத்தவர்கள் அகரியாக்கள். பாத்தி ஒதுக்கித் தருவார்கள். பருவம் தொடங்கும்போது முன்பணம். மணங்குக்கு இவ்வளவு என்று கூலி. வேலை நேரம் என்று ஒன்றும் கிடையாது. குடும்பத்தோடு வேலை செய்யலாம், தேவைப்பட்டால் தாமே ஆள் வைத்துக்கொள்ளலாம், அந்த ஆளுக்குக் கூலியும் தாமே கொடுக்கலாம். ‘பாருங்கள், இவர்கள் தனி ஒப்பந்தக்காரர்கள்’ என்றது கம்பெனி. 1956 நவம்பரில் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தாமும் உடலால் உழைக்கிறார்கள், வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் கம்பெனியின் மேற்பார்வை இருக்கிறது, ஆகவே தொழிலாளர்களே என்றது. நேரம் அவர்கள் கையில் இருந்ததும், உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டதும் அவர்களை முதலாளி ஆக்கிவிடவில்லை. உப்பள வாழ்க்கையைத் தமிழில் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ வழியாகத் தூத்துக்குடியில் வைத்துப் படித்தவர்கள் நாம். அந்த வெள்ளை வெயிலுக்குள்ளிருந்து இப்படியொரு தீர்ப்பு வந்திருக்கிறது என்பதை அதோடு சேர்த்துப் படிக்கத் தவறிவிட்டோம்.

பீடியின் கதை இன்னும் நீளமானது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் வீட்டுத் திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுற்றுகிற பெண்களுக்கு இது பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். கம்பெனியோ ஏஜெண்டோ இலையும் தூளும் தருவார்கள். சமையல் முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, எப்போது முடிகிறதோ அப்போது சுற்றலாம். ஆயிரத்துக்கு இவ்வளவு கூலி. கொண்டுபோய்ப் போடும்போது சரியில்லாததைக் கழித்துவிடுவார்கள். கழிக்கப்பட்டதற்குக் கூலி இல்லை. இவர்கள் தொழிலாளிகளா? 1958இலும் 1961இலும் அடுத்தடுத்து வந்த பீடி வழக்குகளில் உச்சநீதிமன்றம் ஒன்றில் இல்லை என்றது, ஒன்றில் ஆம் என்றது, மறுபடியும் இல்லை என்றது. ‘விரும்பியபோது வரலாம் போகலாம்’ என்பதே ‘இல்லை’ என்று சொல்லக் காரணமாக நின்றது. அதற்குப் பிறகு 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் வைத்துச் சுற்றுகிறவரும், ஏஜெண்டு மூலம் வேலை வாங்குகிறவரும் அதன்படி தொழிலாளியே. முதலாளிகள் எதிர்த்துப் போனார்கள். 1974இல் உச்சநீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. 1985இல் பி.எம். படேல் வழக்கில் வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களுக்கும் சேமநிதி உண்டு என்றது. அங்கே சொல்லப்பட்ட தர்க்கம் முக்கியமானது: மேற்பார்வை என்பது தலைக்குமேல் நின்று பார்ப்பது மட்டுமல்ல, சரியில்லை என்று கழித்துப்போடும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கட்டுப்பாடு இருக்கிறது.

கழித்துப்போடும் உரிமை. நட்சத்திரத்தையும் ஐடி முடக்கத்தையும் இதைவிடச் சுருக்கமாக எப்படி விளக்குவது?

ஆந்திரத் தையல்கடை வழக்கில் 1973இலும், கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலை வழக்கில் 1978இலும் இதே திசையில்தான் தீர்ப்புகள் போயின. இரண்டாவதை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். காண்ட்ராக்டர் என்னும் திரையை விலக்கிப் பார், இந்த உழைப்பாளியின் பிழைப்பு யார் கையில் இருக்கிறது என்று பார், அவரே முதலாளி என்பது அத்தீர்ப்பின் சாரம். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கு இரண்டாம் பட்சம்.

ஆக, ‘சுதந்திரமா, உரிமையா, எது வேண்டும்’ என்னும் இருமை எதிர்வே செயற்கையாகக் கட்டப்பட்டது. திண்ணையில் பீடி சுற்றும் அக்காவுக்குச் சட்டப்படி இரண்டும் உண்டு. நேரமும் அவர் கையில், பி.எப். புத்தகமும் அவர் பெயரில். நடைமுறையில் அந்தப் புத்தகத்தைப் பெறுவதற்கு எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை. ஆனால் அது அமலாக்கத்தின் தோல்வி, தர்க்கத்தின் தோல்வி இல்லை.

5

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பைப் படிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் இது, இந்தியச் சட்டத்தில் முதல்முறையாகக் கிக் தொழிலாளிக்கு வரையறை தருகிறது. மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிக்கிறவர் என்பது அதன் பொருள்.

இந்த வாக்கியத்தை நிதானமாகப் படிக்கலாம். இவர் அந்த உறவுக்கு உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பதுதானே வழக்கு? கேள்வியாக இருக்க வேண்டியதை வரையறைக்குள் பதிலாக வைத்து அடைத்துவிட்டார்கள். ‘மரபான’ என்று ஒரு அடைமொழி வேறு. எது மரபு? அகரியாக்களின் உப்புப் பாத்தி மரபு இல்லையா? பீடித் தட்டு மரபு இல்லையா? ஆலை வாசலும் மாதச் சம்பளமும் மட்டுமே மரபு என்றால், இந்நாட்டு உழைப்பாளிகளில் பெரும்பான்மையோர் என்றைக்குமே மரபுக்கு உள்ளே இருந்ததில்லை.

வரையறையோடு சேர்ந்து வருவது என்ன? கம்பெனிகள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை ஒரு நிதிக்குக் கட்ட வேண்டும். அதுவும் இத்தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்த நிதியிலிருந்து விபத்துக் காப்பு, உடல்நலம், முதுமைக்காலம் முதலானவற்றுக்குத் திட்டங்கள் வகுக்கலாம். ராஜஸ்தான் 2023இலும் கர்நாடகம் 2025இலும் தனிச் சட்டங்கள் இயற்றின. தமிழகத்தில் 2023 சுதந்திர தின உரையில் முதல்வர் அறிவித்தபடி, 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் நலவாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 2,000 பேருக்கு மின்ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. சென்னையில் குளிரூட்டிய ஓய்வறைகளும் திறந்தார்கள்.

இவற்றைக் கேலி செய்வது எளிது. நான் அதைச் செய்யப் போவதில்லை. மே மாத வெயிலில் பத்து நிமிஷம் உட்கார ஓரிடம், கழிப்பறை, தண்ணீர் என்பவை சாதாரணமானவை இல்லை. நலவாரியங்களும் தமிழகத்தில் சும்மா வந்துவிடவில்லை. கட்டுமானத் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்றவை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நலம் வேறு, உரிமை வேறு. நலவாரியம் கால் ஒடிந்தபிறகு வருகிறது. கால் ஒடிகிற வேகத்தில் ஓட்டவைக்கும் கட்டண முறையைப் பற்றி அதற்குப் பேச அதிகாரம் இல்லை. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பது நேற்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று என்று குறைந்தால் அது கேட்காது. பயனாளி என்னும் தன்னிலை அரசை நோக்கி மனுவோடு நிற்பது. தொழிலாளி என்னும் தன்னிலை முதலாளியை நோக்கிக் கணக்குக் கேட்பது. மூன்றாவது வகை ஒன்றை உண்டாக்கியதன் மூலம், முதலாளியை நோக்கி நின்றவரை அரசை நோக்கித் திருப்பி நிறுத்தியிருக்கிறார்கள். முதலாளி ஒரு சிறு கட்டணத்தைக் கட்டிவிட்டுக் காட்சியிலிருந்து வெளியேறிவிடுகிறார்.

தமிழகத்துக்கு இது நினைவிருக்க வேண்டும். 1918இல் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பின்னி கம்பெனி பின்னர் எப்படி எதிர்கொண்டது? தொழிலாளிக்கும் கம்பெனிக்கும் இடையிலுள்ள ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறார்கள் என்று சங்கத் தலைவர் பி.பி. வாடியா முதலானோர்மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையுத்தரவும் பெற்றது. அந்தத் தடையுத்தரவு கிளப்பிய எதிர்ப்பிலிருந்து வளர்ந்து வந்ததுதான் 1926இன் தொழிற்சங்கச் சட்டம். உழைப்பை ஒப்பந்தச் சட்டத்தின் கண்ணாடி வழியே பார்ப்பதா, தொழிலாளர் சட்டத்தின் கண்ணாடி வழியே பார்ப்பதா என்ற சண்டை பெரம்பூரில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்தது. இப்போது முதல் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டுகிறார்கள்.

6

வெளிநாட்டு அனுபவம் என்ன சொல்கிறது? பிரிட்டனில் 2021 பிப்ரவரி 19 அன்று ஊபர் வழக்கில் உச்சநீதிமன்றம் ஓட்டுநர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதன் வாசிப்பு முறை நமக்கு முக்கியம். எழுதப்பட்ட ஒப்பந்தத்திலிருந்து தொடங்கக் கூடாது, ஏனென்றால் அதை எழுதியவர் எந்தத் தரப்பிடமிருந்து பாதுகாப்புத் தேவையோ அந்தத் தரப்பு. சட்டம் எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்றது. கட்டணம் வைப்பது யார், நிபந்தனை விதிப்பது யார், மறுத்தால் தண்டிப்பது யார், நட்சத்திரத்தைக் கொண்டு கட்டுப்படுத்துவது யார், பயணியோடு உறவு வளராமல் தடுப்பது யார்? எல்லாம் ஊபர். ஆர்டர் வராமல் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்றும் சொன்னது. அடுத்த மாதமே ஊபர் 70,000 ஓட்டுநர்களை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. ஆனால் குறைந்தபட்ச ஊதியம் சவாரியை ஏற்றுக்கொண்ட நிமிஷத்திலிருந்துதான் என்றது. காத்திருக்கும் நேரம் நைசாக வெளியே போனது. பெயரைக் கொடுத்தார்கள், நேரத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அதே நீதிமன்றம் 2023 நவம்பரில் டெலிவரூ வழக்கில் வேறு மாதிரிச் சொன்னது. தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது, அது வெறும் கண்துடைப்பும் இல்லை. ஆகவே கூட்டுப்பேர உரிமை இல்லை. ஒரு பிரிவு, ஒரே ஒரு பிரிவு. அகரியாக்களும்தான் தமக்கு உதவ ஆள் வைத்தார்கள். 1956இன் தில்லி, 2023இன் லண்டனைவிட உழைப்பாளியை நன்றாகப் படித்திருக்கிறது என்றே சொல்லத் தோன்றுகிறது.

கலிபோர்னியாவில் 2019இல் வந்த சட்டம், தன் ஆள் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கம்பெனிமேல் போட்டது. கம்பெனிகள் 20 கோடி டாலருக்கு மேல் செலவு செய்து 2020 நவம்பர் வாக்கெடுப்பில் தமக்கு விலக்கு வாங்கிக்கொண்டன. 2024 ஜூலையில் அம்மாநில உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. ஸ்பெயின் 2021இல் உணவு விநியோகிப்பவர்களைத் தொழிலாளராகவே அனுமானிக்கும் சட்டம் கொண்டுவந்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த நெறியாணையும் இந்த அனுமானத்தையே அடிப்படையாகக் கொண்டது. உறுப்பு நாடுகளுக்கு அது தந்த காலக்கெடு 2026 டிசம்பர் 2.

இவற்றிலிருந்து கிடைக்கும் பாடம், பெயரைப் பெற்றுவிட்டால் போதும் என்பதல்ல. பெயருக்கு உரிமை கொடுத்தால் முதலாளிகள் பெயரை மாற்றுவார்கள். தஞ்சையில் 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் மிராசுதார்கள் பலர் பண்ணையாள் வைப்பதையே விட்டு அன்றாடக் கூலிக்கு மாறினார்கள். பீடிச் சட்டம் வந்ததும் சில கம்பெனிகள் ‘நாங்கள் இலையையும் தூளையும் விற்கிறோம், அவர்கள் பீடியை எங்களுக்கு விற்கிறார்கள்’ என்று கணக்கெழுதி, கூலிக்காரியை வியாபாரி ஆக்கின. ‘நாங்கள் வெறும் இணைப்புப் பாலம்’ என்னும் செயலிக் கம்பெனியின் வசனம் அந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்ததுதான்.

7

என்ன கேட்க வேண்டும்? முதலாவது, நிரூபிக்கும் பாரம் இடம் மாற வேண்டும். வேலை செய்கிறவர் தொழிலாளியே என்பது தொடக்கம். இல்லையென்றால் கம்பெனி நிரூபிக்கட்டும். இரண்டாவது, செயலியைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் நேரம் வேலை நேரம். மூன்றாவது, ஐடி முடக்கம் என்பது வேலைநீக்கம். காரணமும் விசாரணையும் மேல்முறையீடும் இல்லாமல் கூடாது. நான்காவது, கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது கூலி வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். ஐந்தாவது, சங்கம். இவற்றில் எதற்கும் காலை ஒன்பதுமணிச் சங்கு தேவையில்லை.

‘தொழிலாளி என்பது ஒழுங்குபடுத்தும் வகைமை’ என்கிற நண்பர்களுக்கு ஒன்று சொல்லலாம். எல்லா வகைமைகளும் ஒழுங்குபடுத்துபவைதான். ‘பார்ட்னர்’ மட்டும் என்ன, விடுதலையா? எந்த வகைமைக்குள் நின்றால் எதிர்த்துப் பேச ஒரு நாக்கு கிடைக்கிறது என்பதே கேள்வி. சங்கத் தோழர்களுக்கும் ஒன்று. ஆலை வாசலில் கொடி கட்டி ஆள் சேர்த்த பழக்கத்தில், வாசலே இல்லாத தொழிலுக்கு வாசல் தேடிக்கொண்டிருக்கிறோம். பீடி சுற்றும் பெண்களையும் ‘வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிறார்கள்’ என்று பார்த்தவர்கள் நம்மில் இருந்தார்கள். அவர்களைத் தொழிலாளி என்று சட்டம் சொல்வதற்கு முன்னால் சங்கம் சொல்ல வேண்டியிருந்தது. இப்போதும் வரிசை அதுதான்.

‘தொழிலாளி’ என்பதில் இருக்கும் ‘ஆளி’ ஆள்பவரைக் குறிக்கும் விகுதி. முதலை ஆள்பவர் முதலாளி, தொழிலை ஆள்பவர் தொழிலாளி. அகராதியில் இருவரும் சமம். அந்தச் சமத்துவம் அகராதிக்கு வெளியே ஒருநாளும் இருந்ததில்லைதான். ஆனாலும் சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில் மேதினம் கொண்டாடிய காலத்திலிருந்து எத்தனையோ பேர் அந்தச் சொல்லுக்குள் தங்கள் வேலைநிறுத்தங்களையும் பட்டினியையும் போட்டு அதற்கு ஒரு கனம் ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் கனம் இருப்பதால்தான் கம்பெனிகள் அதை உச்சரிக்கப் பயப்படுகின்றன. அவர்கள் பயப்படுகிற சொல்லை நாம் ஏன் பழசாகிவிட்டது என்று விட்டுக்கொடுக்க வேண்டும்?